பதினோராம் கூண்டு

மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை மணிக்கு, எங்கள் குடியிருப்பின் மாடிப்படிக்கு அடியில் சேர்ந்திருக்கும் பழைய பேப்பர் கட்டுகளை ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் அடுக்கிக்கொண்டு கிளம்புகிறேன். பதினைந்து கிலோ தேறும். வடபழனியில் மெட்ரோ வேலைக்காகப் போட்ட தடுப்புகளைச் சுற்றிக்கொண்டு நூறடி ரோட்டைப் பிடிப்பதற்குள் கட்டு இரண்டு முறை சரியும். கால்களை அகட்டி வைத்துக்கொண்டுதான் ஓட்ட வேண்டும். சிக்னலில் நிற்கும்போது பார்க்கிறவர்கள் நான் பழைய பேப்பர் வியாபாரம் செய்வதாக நினைத்துக்கொள்வார்கள். ஒருவர் கிலோ என்ன விலைக்குப் போகிறது என்று கேட்டே விட்டார்.

எங்கள் குடியிருப்பில் பன்னிரண்டு வீடுகள். ஒரு காலத்தில் பதினோரு வீட்டில் பேப்பர் வாங்கினார்கள். கொரோனா ஊரடங்கில் நிறுத்தியவர்களில் பாதிப்பேர் திரும்ப வாங்கவே இல்லை. இப்போது ஐந்து வீடு. அந்த ஐந்தில் நான்கு வீட்டுப் பேப்பர் எனக்குக் கிடைக்கிறது. மூன்றாம் மாடி மாமா மட்டும் தர மாட்டார். “நாய் ஒண்ணுக்குப் போறதுக்கா நான் ஹிந்து வாங்கறேன்?” என்று கேட்டார். கேள்வியில் நியாயம் இருக்கிறது. பழைய பேப்பர்காரர் கொடுக்கும் காசில் அவருக்கு மாதம் ஒரு நாள் இளநீர் செலவு கழியும்.

நான் பேப்பர் கொண்டுபோகும் காப்பகத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. கிண்டிக்கு அப்பால் ஒரு சந்தில், நாற்பது கூண்டும் ஒரு தகரக் கொட்டகையும் உள்ள சின்ன இடம். பெயர் எங்காவது அச்சானால் மறுநாள் காலை வாசலில் அட்டைப்பெட்டியில் நான்கு குட்டிகள் கிடக்கும். இது மிகையில்லை. முன்பு ஒரு முறை யாரோ நல்லெண்ணத்தில் வாட்ஸ்அப்பில் முகவரியோடு ஒரு பாராட்டு அனுப்ப, அந்த வாரம் மட்டும் பதினேழு குட்டிகள். காப்பகத்துக்குக் கொடுப்பது என்றால் சிலருக்கு இதுதான் பொருள்.

முதலில் பேப்பர் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். எனக்கும் இது தெரியாமல்தான் இருந்தது. கூண்டின் தரை சிமென்ட். அடிபட்ட நாய் எழுந்து வெளியே போக முடியாது. படுத்த இடத்திலேயே எல்லாம். ஈரத்தில் கிடந்தால் இரண்டே நாளில் தோல் வெந்து புண்ணாகும், புண்ணில் ஈ உட்காரும், மூன்றாம் நாள் புழு. கூண்டுக்கு நான்கு முழுத்தாள், காலையும் மாலையும் மாற்ற வேண்டும். நாற்பது கூண்டுக்குக் கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு முந்நூற்று இருபது தாள். இன்றைக்கு வரும் செய்தித்தாளில் ஐந்தாறு முழுத்தாள்தான் இருக்கிறது. ஆக, தினமும் அறுபது பேப்பர். நான் கால்களுக்கு நடுவில் சுமந்துகொண்டு போகும் கட்டு இரண்டரை நாளில் தீர்ந்துவிடும்.

ஈரத்தை உறிஞ்சுவது ஒரு பக்கம். சுருட்டி எறிந்துவிடலாம் என்பது அதைவிடப் பெரிது. குட்டிகளைக் கொல்லும் பார்வோ என்ற நோய் மலத்தின் வழியாகப் பரவுகிறது. அதன் கிருமி தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். நாம் நம்பி ஊற்றும் ஃபினாயிலுக்கு அது சாகாது. பிளீச்சிங் கரைசல் வேண்டும். துணி போட்டால் துவைக்க வேண்டும், துவைக்கும் இடத்திலிருந்து மறுபடி பரவும். பேப்பரை எடுத்து மூட்டை கட்டி எறிந்துவிட்டால் கிருமியும் பெருமளவு அதோடு போய்விடும். பேப்பர் தட்டுப்பாடு வரும் வாரங்களில் குட்டிகள் கூடுதலாகச் சாகின்றன என்று காப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் அக்கா சொன்னார். அவரிடம் புள்ளிவிவரம் எதுவும் கிடையாது. பதினான்கு வருடமாகக் குட்டிகளைப் புதைத்தவர் என்கிற தகுதி இருக்கிறது.

என்னை அந்த இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது பூரி.

எங்கள் தெரு முருகன் கோயிலுக்குப் பின்பக்கம். தெருமுனையில் டிபன் கடை. அதற்கு எதிரில் இஸ்திரி வண்டி. டிபன் கடையில் மிஞ்சும் பூரியைத் தின்று வளர்ந்ததால் அவளுக்கு அந்தப் பெயர். செம்மண் நிறம், ஒரு காது மடிந்திருக்கும். பகலெல்லாம் இஸ்திரி வண்டிக்கு அடியில் தூக்கம். இரவில் தெருவுக்குள் வரும் ஸ்விக்கி பையன்களை மட்டும் துரத்துவாள், ஏனென்று யாருக்கும் தெரியாது. நான் அவளுக்கு எப்போதாவது பிஸ்கட் போட்டிருக்கிறேன். அவ்வளவுதான் உறவு.

2023 ஜூலையில் ஒரு காலை, பின்னால் வந்த தண்ணீர் லாரி அவள் இடுப்பில் ஏறியது. நான் அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். இஸ்திரிக்காரர் வண்டியை அப்படியே விட்டுவிட்டு, துணி மூட்டை கட்டும் வேட்டியில் அவளைப் போட்டுத் தூக்கிக்கொண்டு நின்றார். “சார், நீங்க இங்கிலீஷ் பேசுவீங்க. ஆஸ்பத்திரில கேப்பாங்க. கூட வாங்க சார்” என்றார். இங்கிலீஷுக்காகத்தான் போனேன். ஆட்டோவில் நாயா என்று மூன்று பேர் மறுத்தார்கள். நான்காமவர் சீட்டில் தார்பாலின் விரித்துக் கொடுத்தார்.

தெரிந்தவர் ஒருவர் சொல்லி அந்தச் சின்னக் காப்பகத்துக்குப் போனோம். அங்கே யாரும் என்னிடம் இங்கிலீஷ் பேசவில்லை. மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துவிட்டு, இடுப்பெலும்பு மூன்று இடத்தில் உடைந்திருக்கிறது, தண்டுவடம் தப்பித்துவிட்டது, அறுவை தேவையில்லை என்றார். நாய்க்கு இடுப்பெலும்பு ஓய்விலேயே கூடிவிடும். ஆனால் ஆறு வாரம் நகராமல் கிடக்க வேண்டும். தெருவில் நாய் ஆறு வாரம் நகராமல் கிடக்க முடியுமா? அதற்குத்தான் கூண்டு.

அக்கா பதினோராம் கூண்டைத் திறந்தார். ரிஜிஸ்டரில் என் பெயர், போன் நம்பர், தெரு எல்லாவற்றையும் எழுதிவிட்டு, பேனாவை மூடாமல் கேட்டார்: “ஆறு வாரம் கழிச்சு வந்து எடுத்துட்டுப் போவீங்கல்ல?”

“கண்டிப்பா” என்றேன். கையெழுத்தும் போட்டேன்.

ஆறு வாரம் முடிந்ததும் அழைப்பு வந்தது. அலுவலகத்தில் மீட்டிங். திரும்பக் கூப்பிடலாம் என்று நினைத்தேன். அடுத்த நாள் மறுபடி வந்தது. அன்று மீட்டிங் இல்லை, ஆனாலும் எடுக்கவில்லை. காரணத்தை மறைப்பதற்கில்லை. அதற்குள் எங்கள் குடியிருப்புச் சங்கத்தில் பேச்சு எழுந்திருந்தது. அந்த நாய் போனதிலிருந்து தெரு நிம்மதியாக இருக்கிறது, திரும்பக் கொண்டுவரக் கூடாது என்று இரண்டு வீட்டார் சொல்லியிருந்தார்கள். எனக்கு யாரிடமும் சண்டை போட வராது. அங்கே அவளுக்குச் சாப்பாடு கிடைக்கிறது, பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது, இங்கே வந்து மறுபடி லாரியில் விழுவதற்கு அதுவே மேல் என்று எனக்கு நானே ஒரு வாதம் தயாரித்துக்கொண்டேன். மனசு கேட்காமல் ஜிபேயில் இரண்டாயிரம் ரூபாய் அனுப்பினேன். கூப்பிய கை பொம்மை ஒன்று பதிலுக்கு வந்தது. முடிந்துவிட்டது என்றே நம்பினேன்.

இன்னொரு வாரம் கழித்துப் புது நம்பரிலிருந்து அழைப்பு. எடுத்துவிட்டேன்.

“பணம் வந்துச்சு சார், ரொம்ப நன்றி. நாய எப்ப எடுத்துட்டுப் போறீங்க?”

அந்த ஞாயிறு போனேன், எடுத்து வர அல்ல. நேரில் நிலைமையைச் சொல்லி, மாதாமாதம் ஏதாவது தருகிறேன், வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் போனேன். பூரி பதினோராம் கூண்டில் நின்றுகொண்டிருந்தாள். இடுப்பு லேசாக ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் வால் கூண்டுக் கம்பியில் டங் டங்கென்று அடித்தது. எப்போதோ பிஸ்கட் போட்டவனுக்கு அவ்வளவு பெரிய வரவேற்பு.

நான் வார்த்தை தேடிக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. சாலிகிராமத்திலிருந்து ஒரு பெண், கல்லூரிப் படிப்பு இருக்கும், மடியில் துப்பட்டாவில் சுற்றிய நாய். துப்பட்டாவின் நிறம் தெரியவில்லை. அக்கா ஆட்டோவுக்குள் குனிந்து பார்த்தார். வலி குறைய ஊசி ஒன்று போடச் சொன்னார். பிறகு, “இடமில்லம்மா. படுக்க வெக்க ஒரு கூண்டு கூட இல்ல. வேளச்சேரி ரோட்டுல ப்ளூ கிராஸ் இருக்கு, போன் பண்ணிச் சொல்றேன், உடனே போங்க” என்றார். ஆட்டோ திரும்பிப் போனது. அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அந்த நாய் என்ன ஆயிற்று என்று நான் இதுவரை கேட்கவில்லை.

அன்று மாலையே இஸ்திரிக்காரரோடு போய்ப் பூரியை அழைத்து வந்தேன். சங்கத்தில் சண்டை வந்தது. எனக்குச் சண்டை போட வரும் என்பது ஐம்பத்திரண்டு வயதில் தெரிந்தது.

அதற்குப் பிறகுதான் ஞாயிற்றுக்கிழமைகளில் போகத் தொடங்கினேன். வெட்கத்தில் தொடங்கியது, வேலை பழகியதும் வெட்கம் மறந்துவிட்டது.

காப்பகத்துக்கு வரும் பொருள்களைப் பிரித்து அடுக்குவது என் பொறுப்பு. மனிதர்கள் கொடுப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் மனிதர்களைப் பற்றி நிறையத் தெரிகிறது. பிறந்தநாளுக்குக் கேக் கொண்டுவருகிறார்கள், நாய்க்கு ஊட்டுவது போலப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். சாக்லெட் நாய்க்கு நஞ்சு என்று சொன்னால் முகம் வாடுகிறது. வடபழனியில் முகூர்த்த நாளென்றால் கோயிலிலும் சுற்றியுள்ள மண்டபங்களிலும் கல்யாணம் கல்யாணமாக நடக்கும். மிஞ்சிய சாப்பாட்டை அண்டாவோடு ஏற்றி அனுப்புகிறவர்கள் உண்டு. நல்ல மனம்தான். ஆனால் வெங்காயமும் பூண்டும் மசாலாவும் எண்ணெயுமாக உள்ள குருமா சாதம் நாற்பது நாயின் வயிற்றைக் கெடுத்தால், அன்று இரவு பேப்பர் செலவு மூன்று மடங்கு. வெறும் சோறும் தயிரும் தனியாக எடுத்து வைத்து அனுப்புங்கள் என்று ஒரு சமையல் கான்ட்ராக்டரிடம் சொல்லிப் பார்த்தேன். “இது வரைக்கும் எவனும் சொல்லலியே சார்” என்றார். இப்போது பரிமாறுவதற்கு முன்பே ஓர் அன்னக்கூடை சோறு தனியாக ஒதுங்கிவிடுகிறது. காப்பகத்தின் அன்றாடச் சமையல் குருணை அரிசி, பூசணி, கோழிக்கடையில் மலிவாகக் கிடைக்கும் கழுத்தும் காலும். உப்பு கிடையாது.

துணி விஷயத்திலும் இப்படித்தான். மூட்டை மூட்டையாக வருவது சிந்தெடிக் சேலை. அது ஈரத்தை உறிஞ்சாது, நகம் மாட்டி நூல் நூலாகக் கிழிந்து காலில் சுற்றிக்கொள்ளும். வேண்டியது பருத்தி. எத்தனை பழையதோ அத்தனை நல்லது. என் அம்மா இறந்து இரண்டு வருடமாக அவளுடைய சுங்குடிச் சேலைகள் இரும்புப் பெட்டியில் இருந்தன. யாருக்கும் கொடுக்க மனம் வரவில்லை, யாரும் உடுத்தப்போவதுமில்லை. என் மனைவிதான் ஒரு நாள் எடுத்து வெயிலில் போட்டுவிட்டு, “நாய்ங்களுக்குக் குடுத்துடுங்க. அத்தைக்கு நாய்னா ஆகாது. ஆனா துணி வீணாப்போனா அதவிட ஆகாது” என்றாள். நாலாக மடித்துத் தைத்தால் முதுகுத்தண்டு அடிபட்டுக் கிடக்கும் நாய்க்கு அதைவிட நல்ல படுக்கை கிடையாது. மூன்று மணிக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், அதற்குப் பிடித்துத் தூக்கவும் அந்தச் சேலையே கைப்பிடி. ஒரு ஞாயிறு போனபோது ஒன்பதாம் கூண்டில் அம்மாவின் மாம்பழ மஞ்சள் சேலை கிடந்தது. அதன் மேல் மூன்று கால் நாய் ஒன்று வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தது. அம்மா பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பாள்.

மழைக்கு ஃப்ளெக்ஸ். சினிமாவுக்கும் கட்சிக்கும் கட்டிய பேனர்களைத் தொழில் செய்பவர்களிடம் சொல்லிவைத்தால், கழற்றியதும் கொடுத்துவிடுகிறார்கள். கொட்டகையில் ஒழுகும் இடத்தில் இரண்டு அடுக்குப் போட்டால் ஒரு மழைக்காலம் தாங்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது காப்பகத்துக்குள் முழங்கால் தண்ணீர். நடக்க முடியாத நாய்களை மேஜை மேலும் அலமாரியிலும் ஏற்றி வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு தன்னார்வலர் ஒருவர், பிளம்பிங் கடை வைத்திருப்பவர், மிச்சமான பிவிசி குழாய்த் துண்டுகளை மாட்டித் தரைக்கு ஓரடி மேலே நிற்கும் கட்டில் செய்து கொடுத்தார். குழாய்ச் சட்டத்தில் இழுத்துக் கட்டியது ஃப்ளெக்ஸ்தான். ஒரு நட்சத்திரத்தின் இடது கண்ணின் மேல் ஒரு குட்டி தினமும் படுத்துக்கொள்கிறது.

பணம் வேண்டாமா என்றால், வேண்டும். எப்படி வருகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தீபாவளிக்கும் பிறந்தநாளுக்கும் மொத்தமாக வருகிற ஐயாயிரத்தைவிட மாதம் தவறாமல் வருகிற இருநூறு பெரிது என்று அக்கா சொல்வார். மாதக் கடைசியில் கேஸ் சிலிண்டர் தீரும்போது அந்த இருநூறுகளை நம்பித்தான் அடுத்ததற்குச் சொல்லியிருப்பார். ஓர் உதாரணம். தெரு நாய்களுக்கு இனச்சேர்க்கையில் பரவும் புற்றுக்கட்டி ஒன்று உண்டு. பார்க்க மிகவும் மோசமாக, ரத்தம் சொட்டிக்கொண்டு இருக்கும். இந்த நாய் செத்துவிடும் என்றுதான் எல்லாரும் ஒதுங்குவார்கள். ஆனால் புற்றுநோய்களில் எளிதாகக் குணமாகும் வகை அது. வின்கிரிஸ்டின் ஊசி வாரம் ஒன்றாக நாலைந்து வாரம் போட்டால் பெரும்பாலும் கட்டி சுருங்கி மறைந்துவிடும். ஒரு குப்பியின் விலை கமலா தியேட்டர் டிக்கெட்டைவிட அதிகமில்லை. ஆனால் நடுவில் ஒரு வாரம் மருந்து வாங்கப் பணமில்லாமல் தள்ளிப்போனால், நாய் கூண்டில் இருக்கும் நாள் நீளும். நீண்டால் வாசலில் இன்னோர் ஆட்டோ திரும்பிப்போகும். எனக்கு எல்லாக் கணக்கும் இப்போது அந்த ஆட்டோவில்தான் வந்து முடிகிறது.

இந்த ஊரில் இதெல்லாம் தொடங்கியதே இப்படிச் சில்லறையாகத்தான். விமானியான கேப்டன் வி. சுந்தரம், தி.நகர்ப் பக்கம் மழை வெள்ளத்தில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளை வீட்டுக்குத் தூக்கி வந்ததில்தான் 1959-இல் ப்ளூ கிராஸ் பிறந்தது என்று சொல்வார்கள். அவர் மனைவி உஷா சுந்தரமும் விமானி, இந்தியாவின் முதல் பெண் விமானிகளில் ஒருவர். 1964-இல் சங்கமாகப் பதிவானது. விலங்கு வதைத் தடுப்புச் சட்டமே நம் ஊர்க்காரர் ஒருவரின் பிடிவாதத்தில் வந்ததுதான். ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார், நேரு அரசே சட்டம் கொண்டுவரும் என்று உறுதி சொன்னார், 1960-இல் வந்தது. 1962-இல் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கு அவர்தான் தலைவர். வாரியத்தின் அலுவலகம் நெடுங்காலம் திருவான்மியூரில் இருந்தது.

அதே காலத்தில் மாநகராட்சி தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தொடங்கிய வழக்கம். சுந்தரத்தின் மகன் சின்னி கிருஷ்ணா படிப்பில் பொறியாளர். அவர் கேட்டது கணக்குக் கேள்வி. நூறு வருடத்துக்கு மேல் கொன்றும் நாயும் குறையவில்லை, ரேபிஸும் குறையவில்லை என்றால் முறையில் ஏதோ தப்பு இல்லையா? ஓரிடத்து நாய்களை அகற்றினால் அந்த இடத்துக்கும் அங்கிருக்கும் குப்பைக்கும் புது நாய்கள் வந்து சேரும், அவை தடுப்பூசி போடாதவை. அதற்குப் பதில் பிடித்து, கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, அதே இடத்தில் விடுங்கள் என்று அறுபதுகளிலிருந்து சொல்லிவந்தார்கள். 1996-இல்தான் மாநகராட்சி அதை ஏற்றுக்கொண்டது. 2001-இல் நாடு முழுவதற்குமான விதியானது. 2023-இல் புது விதிகள் வந்தன. ஒரு யோசனை மாநகராட்சி அலுவலகத்துக்குள் நுழைய முப்பது வருடம். அதுவரை அதைத் தாங்கியது நன்கொடைக் காசு.

இதைச் சொல்லும்போது கடிபட்டவர்களை மறந்துவிட்டுப் பேசக் கூடாது. எங்கள் இரண்டாம் மாடிக் குழந்தையை மார்க்கெட் பக்கம் ஒரு நாய் கடித்தது. முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் என்று ஊசிக்கு அலைந்த அந்த அப்பாவின் முகத்தைப் பார்த்தவன் நான். பூரியை எதிர்த்த இரண்டு வீட்டில் ஒன்று அவருடையது. ரேபிஸ் அறிகுறி வந்துவிட்டால் மருந்தில்லை. அவருடைய பயம் எனக்கு எதிரி இல்லை. ஒரு பகுதியில் நூற்றுக்கு எழுபது நாய்களுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் ரேபிஸ் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தக் குழந்தையைக் காப்பது அந்த எழுபதுதான். அதைப் போடுவதற்கு, நம் தெரு நாயைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பிடித்துக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும். வண்டியும் வலையும் வந்தால் நாய்கள் பறந்துவிடும். இஸ்திரிக்காரர் கூப்பிட்டால் எங்கள் தெருவின் ஆறும் வரிசையாக வந்து நிற்கும். அவர் காப்பகத்துக்கு ஒரு ரூபாய் கொடுத்ததில்லை. அவர் கொடுத்ததுபோல நானும் கொடுத்ததில்லை.

2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் டெல்லியின் தெருநாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னபோது எங்கள் சங்கக் குழுவில் கைத்தட்டல் பொம்மைகளாக வந்து குவிந்தன. பதினோரு நாளில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதைத் திருத்தியது. கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடலாம், ரேபிஸ் உள்ளவையும் மூர்க்கமானவையும் மட்டும் விலக்கு என்றது. நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களில் பிடித்தவற்றை அங்கே திரும்ப விடக் கூடாது என்று இன்னொரு உத்தரவு. சட்டம் எப்படியும் போகட்டும். “எல்லாத்தையும் காப்பகத்துல போட்டுட்டா என்ன சார்?” என்று மூன்றாம் மாடி மாமா கேட்டபோது, வாருங்கள் என்று ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்து அழைத்துப் போனேன். நாற்பது கூண்டையும் வரிசையாகப் பார்த்தார். எங்கள் பகுதியில் மட்டும் எத்தனை நாய் என்று அவரே கேட்டார். வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்தார். மனம் மாறிவிட்டதாக நான் சொல்லமாட்டேன். நாய்களைப் பற்றி அவர் எண்ணம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் மறுவாரம் மாடிப்படிக்கு அடியில் ஒரு புதுக் கட்டு இருந்தது. வெறும் ஸ்போர்ட்ஸ் பக்கங்கள். மற்றதைக் கடைக்காரருக்குப் போடுகிறார்.

பூரிக்கு இப்போது முகத்தில் நரை. மழை வந்தால் இடுப்பு இழுக்கிறது, இஸ்திரி வண்டியின் அடியிலிருந்து எழ நேரமாகிறது. இஸ்திரிக்காரர் கரி அணைந்ததும், சூடு ஆறாத பெட்டியை அவள் பக்கம் தள்ளி வைத்துவிட்டுப் போகிறார். இடது காதில் கருத்தடைக்கு அடையாளமாக வெட்டிய சின்னத் தழும்பு. ஸ்விக்கி பையன்களைத் துரத்துவதில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே திட்டுகிறாள்.

போன வாரம் அக்கா கூப்பிட்டார். “பதினொண்ணுல ஒரு வெள்ள நாய் நிக்குது சார், உங்க ஏரியாதான். கால் கூடி மூணு வாரம் ஆச்சு. சேத்தவரு போனையே எடுக்க மாட்டேங்கறாரு. காசு மட்டும் ரெண்டு தடவ அனுப்பிட்டாரு. அட்ரஸ் ரிஜிஸ்டர்ல இருக்கு. ஒரு எட்டு போய்ப் பாக்கறீங்களா?”

நேற்று சாயங்காலம் போனேன். எங்கள் தெருவிலிருந்து நடக்கும் தூரம்தான். இரண்டாம் மாடி, வாசலில் வெண்டைக்காய்ச் செடி, சுத்தமான கோலம். காலிங் பெல்லை அழுத்தினேன். உள்ளே டிவி சத்தம் சட்டென்று குறைந்தது. கதவின் கண்ணாடிப் பொட்டில் நிழல் ஒன்று வந்து நின்றது, பார்த்தது, போகவும் இல்லை, திறக்கவும் இல்லை. எனக்கு அவசரமில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு இன்னொரு முறை அழுத்தினேன்.